முரளிக்கு, புது ஆல்பங்களைப் பற்றி

அன்புள்ள முரளி,

நலம்தானே? அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? இங்கே எல்லாரும் நலம். உன் கடிதத்தில் ஒரு வரி என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. "இப்போ வர்ற ராக் எல்லாம் எழுபதுகளின் ஜெராக்ஸ், நான் புதுசா எதையும் கேட்கிறதில்லை" என்று எழுதியிருந்தாய். முதல் பாதிக்குச் சண்டை போடுவேன். இரண்டாம் பாதி கவலையாக இருக்கிறது.

கிரெட்டா வான் ஃப்ளீட் குழுவை வைத்துத்தான் சொல்கிறாய், தெரியும். அதில் பாடும் பையன் வாயைத் திறந்தாலே லெட் செப்பலின் பாடகர் ராபர்ட் பிளான்ட்தான் நினைவுக்கு வருகிறார், மறுக்கவில்லை. 2019-இல் அவர்களுக்குச் சிறந்த ராக் ஆல்பத்துக்கான கிராமி விருது கிடைத்தபோது நம் மீசைக்காரர் கொதித்தாரே!

லெட் செப்பலினின் 1971 ஆல்பத்தில் 'வென் தி லெவி பிரேக்ஸ்' டிரம்ஸ் அப்படி இடிக்கிறதென்றால், ஜான் பான்ஹமை ஒரு பழைய வீட்டின் மாடிப்படிக் கூடத்தில் வாசிக்கவைத்து, மைக்கை மேலே தொங்கவிட்டுப் பதிந்ததுதான் காரணம். எண்பதுகளை ஆண்ட, சட்டென்று அறுந்துவிழும் அந்த டிரம்ஸ் ஒலியும் யாரும் திட்டமிட்டதில்லை. பீட்டர் கேப்ரியலின் 1980 ஆல்பப் பதிவின்போது, உள்ளே இருப்பவர்கள் பேசுவதைக் கேட்க வைத்திருந்த மைக்கில் ஃபில் காலின்ஸின் அடி விழுந்தது. கேட்டவர்கள் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். இன்று இந்த இரண்டு ஒலியும் கணினியில் சேர்க்கும் பிளக்-இன் மென்பொருளில் ஒரு கிளிக்தான். ஒலி எளிதாகக் கிடைத்துவிடுவதால் அதை வைத்து என்ன சொல்வது என்று பலர் யோசிப்பதே இல்லை. இதில் உன் கோபம் நியாயம்.

ஆனால் 'தி வார் ஆன் டிரக்ஸ்' குழுவின் 'லாஸ்ட் இன் தி ட்ரீம்' (2014) கேட்டாயா? மேலோட்டமாகக் கேட்டால் ஸ்பிரிங்ஸ்டீன், டயர் ஸ்ட்ரெய்ட்ஸ், எண்பதுகளின் சின்தசைஸர், நீண்ட நெடுஞ்சாலை. சரி, அப்புறம் 'அண்டர் தி பிரஷர்' பாட்டைப் போடு. கிட்டத்தட்ட ஒன்பது நிமிடம். எண்பதுகளின் பாட்டென்றால் இந்நேரம் கோரஸ் வெடித்து நம்மைத் தூக்கி நிறுத்தியிருக்கும். இங்கே கிட்டார் ஏறுகிறது, தாளம் ஓடிக்கொண்டே இருக்கிறது, விடுதலை மட்டும் தள்ளிப்போகிறது. கடைசியில் எல்லாம் கரைந்து வெறும் முனகலாக நிமிடக்கணக்கில் நீள்கிறது. குழுவின் பாடகர் ஆடம் கிராண்டுசீல் கடுமையான பதற்றத்திலும் மனச்சோர்விலும் இருந்தபோது செய்த ஆல்பம் அது. ஒரு காலத்தில் கொண்டாட்டத்துக்கு இருந்த ஒலியில் தூக்கம் வராதவன் பாடுகிறான். இதை எப்படியடா ஜெராக்ஸ் என்பாய்?

உனக்கு அந்த வருஷம் நடந்ததை நினைத்துக்கொண்டேதான் நான் அதைக் கேட்டேன். அப்போது நீ எங்கள் யாரிடமும் பேசவில்லை. இப்போது புதிதாக எதையும் கேட்பதில்லை என்று நீ எழுதும்போது எனக்கு அந்த மௌனம்தான் ஞாபகம் வருகிறது. ரசனைப் பிரச்சினை என்றால் வாயடித்துவிட்டுப் போகலாம். வேறேதாவது என்றால் சொல், கிளம்பி வருகிறேன்.

ஃபூ ஃபைட்டர்ஸின் 'வேஸ்டிங் லைட்' (2011) உனக்கு உடனே பிடிக்கும். குழுத் தலைவர் டேவ் குரோல் வீட்டு கராஜில், பழைய காந்த நாடாவான அனலாக் டேப்பில் பதிந்தது. நீ டிரம்மர் புத்தியோடு கேட்பாய். அதை முதலில் கேள். அடுத்து 'லாஸ்ட் இன் தி ட்ரீம்', ஹெட்போனில், ராத்திரியில், முழுசாக. நடுவில் பாட்டை மாற்றினால் மீசைக்காரரிடம் சொல்லிவிடுவேன்.

கேட்டுவிட்டுத் திட்டியாவது எழுது.

உன்,
கண்ணன்