பெற்றவள் எழுதிவைக்கவும் ஓர் ஏடு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மணமாகாத நிலையில் 1991-ல் நான் பெற்ற பெண் குழந்தையை, பிறந்த பன்னிரண்டாம் நாள் மார்த்தாண்டம் அருகே கன்னியாஸ்திரிகள் நடத்திவந்த ஒரு குழந்தைகள் இல்லத்தில் ஒப்படைத்துவிட்டு, செவிலியராக முதலில் வளைகுடாவுக்கும் பின்னர் இங்கிலாந்துக்கும் சென்று அங்கேயே குடியேறினேன். அந்த மகளை 2023-ல் கண்டேன். தக்கலையை அடுத்த ஓர் ஊரில் அன்பான பெற்றோரிடம் வளர்ந்திருக்கிறாள். விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் அந்த வழியாகத்தான் நான் நாகர்கோவில் போய் வந்திருக்கிறேன்.

2009-ல் அந்த இல்லத்தில் விசாரித்தபோது, பெற்றவளுக்கு விவரம் தர இயலாது என்றார்கள். அது சரியென்றே இன்றும் நினைக்கிறேன். விட்டுப்போனவள் நினைத்த நேரத்தில் வாசலில் வந்து நின்றால் பிள்ளையின் நிம்மதி என்னாவது? ஆனால் அங்கிருந்த வயதான சிஸ்டர் ஒருவர், என் முகவரியை ஒரு தாளில் எழுதி வாங்கி, பழைய பதிவேட்டில் என் குழந்தையின் பக்கத்தில் குண்டூசியால் குத்திவைத்தார். இல்லம் மூடப்பட்ட பின்னும் ஏடுகளை மடத்தில் பாதுகாத்தார்கள். கருவுற்றிருந்த என் மகள், குடும்பத்தில் பரம்பரை நோய் உண்டா என்று மருத்துவர் கேட்டதற்கு விடை தேடி அங்கு சென்றபோது, ஓரம் செல்லரித்த அந்தப் பக்கத்தில், ‘உடன் வந்தவை: துவர்த்து (துண்டு) ஒன்று, பால் குப்பி ஒன்று’ என்ற வரிக்கு மேலே, துருவேறிய குண்டூசியோடு என் தாள் இருந்தது. இன்று அவள் என்னை ஆன்ட்டி என்று அழைக்கிறாள். அம்மா என்பது அவளை வளர்த்தவருக்கு உரியது.

18 வயது நிறைந்த தத்துப்பிள்ளை தன்னைப் பெற்றவரைத் தேட மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையத்தின் விதிகள் இடம் தருகின்றன. அப்படி ஒருநாள் தேடி வந்தால் ‘எனக்குச் சம்மதம்’ என்று பெற்றவள் முன்கூட்டியே எழுதிவைக்க ஓர் இடத்தை, நான் ஏறி இறங்கிய எந்த அலுவலகத்திலும் எனக்குக் காட்டவில்லை. இங்கிலாந்திலோ, என் மகள் பிறந்த அதே 1991 முதல் இதற்கென அரசுப் பதிவேடு இருக்கிறது. தத்துப்போனவரும் பெற்றவரும் தனித்தனியே பதியலாம். பொருந்தினால் பெற்றவரின் முகவரி பிள்ளைக்குத் தரப்படும், தொடர்புகொள்வது பிள்ளையின் விருப்பம்.

நம் மாவட்டத்தில் பழைய ஏடுகளுக்குத் தனி மதிப்பு உண்டு. எங்களைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அக்காலத்தில் தத்து ஆணை கிடையாது. 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வளர்ப்பவரைப் பிள்ளையின் பாதுகாவலராக நியமிக்கும் நீதிமன்ற ஆணை மட்டுமே. இல்லத்து ஏட்டைக் கரையான் அரித்துவிட்டால் பல பிள்ளைகளுக்கு வேறு தடயம் இராது.

எனவே, மூடப்பட்ட இல்லங்களின் ஏடுகளை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு திரட்டிக் காக்க வேண்டும். பெற்றவர்கள் தரும் சம்மதக் கடிதங்களை இரகசியமாகப் பெற்று அவற்றோடு சேர்க்கவும் அரசு ஆணையிட வேண்டும். என்னோடு பணியாற்றும் குளச்சல் பகுதிப் பெண் ஒருவர், தம் மகனுக்காக அப்படியொரு கடிதத்தை எழுதி வைத்துக்கொண்டு, எங்கே கொடுப்பது என்று என்னிடம் கேட்கிறார்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
குழித்துறை