அ முதல் ன வரை பாட்டுப் புதிர் ஆடிய எல்லோருக்கும் நன்றி

எல்லோருக்கும் வணக்கம். நேற்று ராத்திரி ன-வையும் முடித்துவிட்டோம். ஆரம்பித்தபோது ஈ, உ வரைக்கும் தாங்கினாலே பெரிய விஷயம் என்றுதான் நினைத்தேன், முழுச் சுற்று வருவோம் என்று சத்தியமாக நம்பவில்லை. குழுவில் தனித்தனியாக நன்றி சொன்னால் ஸ்டிக்கர் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய்விடும், அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஒரு நாளைக்கு ஒரு எழுத்து. விடை பாடகராக இருக்கலாம், ராகமாக, வாத்தியமாக, படமாக, பாட்டாக இருக்கலாம், ஆனால் அந்த எழுத்தில் தொடங்க வேண்டும். குறிப்புகள் வந்ததும் அவரவர் விடையைத் தட்டி வைத்துக்கொண்டு, "இப்போ" என்றதும் ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டும். முதலில் சொன்னவருக்கே மதிப்பெண் என்று வைத்தால் பாட்டு தெரிந்தவர் ஜெயிக்க மாட்டார், நெட் வேகமாக இருப்பவர்தான் ஜெயிப்பார்.

முதல் நன்றி கேள்வி போட்ட அக்காவுக்கு. யாருக்குமே தெரியாததைக் கேட்டு மடக்குவது சுலபம். எல்லோருக்கும் தெரிந்ததை, நாக்கு நுனியில் வந்து நிற்கிற மாதிரி கேட்பதுதான் கஷ்டம், அக்காவுக்கு அது கைவந்த கலை. ஊ-வுக்கு என்ன கேட்டார் தெரியுமா? "என் பெயரிலேயே ஊர் இருக்கும். கண்ணனைப் பாடினேன். என் பாட்டின் முதல் சொல்லில் 2000-இல் ஒரு படம் வந்தது." அலைபாயுதே என்று உடனே புரிந்துவிட்டது, கானடா ராகத்தில் ஆளாளுக்கு முணுமுணுக்கவும் ஆரம்பித்துவிட்டோம், ஆனால் எழுதியவர் பெயர் வந்தால்தானே! ஊத்துக்காடு வேங்கட கவி என்று ஒரே ஒருவர்தான் அனுப்பினார். இத்தனை வருடம் பாட்டைக் கேட்டிருக்கிறோம், எழுதிய மனிதரைக் கேட்டதில்லை.

அடுத்து தமிழ் ஐயா. ஐயா, நீங்கள் இல்லாவிட்டால் இந்த ஆட்டம் எ-யிலேயே படுத்திருக்கும். எம்.எஸ்.விஸ்வநாதன், எஸ்.பி.பாலசுப்ரமணியம், எஸ்.ஜானகி, எம்.எஸ்.சுப்புலட்சுமி, எம்.எல்.வசந்தகுமாரி, எல்.ஆர்.ஈஸ்வரி என்று பாதி இசையுலகம் எ-யில்தான் குடியிருக்கிறது. இனிஷியலைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று நீங்கள் சொன்ன பிறகுதான் ஈ-க்கு ஈஸ்வரி கிடைத்தார். அப்புறம் ட வந்தபோது, தமிழில் ட-வில் சொல் தொடங்காது என்று இலக்கணம் சொல்லிவிட்டு, டி.எம்.சௌந்தரராஜனுக்காக மட்டும் அந்த விதியை நீங்களே தளர்த்தினீர்களே, அதற்குத் தனி நன்றி. ர-வும் முதலில் வராது, ஆகவே இராகம், இரகுமான் எல்லாம் இ-க்குத்தான் போக வேண்டும் என்று நீங்கள் சொன்னதை மட்டும் நாங்கள் ஏற்கவில்லை. இளையராஜா ஏற்கெனவே அங்கே இருக்கிறார், இரண்டு பேரையும் ஒரே எழுத்தில் வைத்தால் குழு உடைந்துவிடும் ஐயா.

ண, ழ, ள, ற, ன இவற்றுக்கு என்ன வழி என்று முழித்தபோதும் ஐயாதான்: முதலில் வராவிட்டால் கடைசியில் தேடு, அங்கேயும் இல்லையென்றால் நடுவில் தேடு. ண்-ணுக்குப் பண், ழ்-ழுக்கு யாழ், ற-வுக்கு நடுவே பறை. இவ்வளவு அழகாக அமையும் என்று யாருமே எதிர்பார்க்கவில்லை. ங-வுக்கு வழக்கம்போல மிருதங்கத்தின் நடுவில் போய் ஒளிந்துகொண்டோம். ஔ-வை 1953-இல் வந்த ஔவையார் படத்தை வைத்து கே.பி.சுந்தராம்பாள் காப்பாற்றினார்.

பாட்டு டீச்சருக்கு நன்றி சொல்லாமல் முடியாது. கல்யாணி ராகம் க-விலா, மேசகல்யாணி என்ற முழுப் பெயரில் மே-யிலா என்று சண்டை வந்த அன்று, அவர் நிதானமாக எழுத்துக்கு எண் கொடுக்கும் கடபயாதி முறையை விளக்கினார். மேளகர்த்தா எனும் தாய் ராகங்கள் 72-க்கும் பெயரின் முதல் இரண்டு எழுத்திலேயே எண் ஒளிந்திருக்கிறது: வடமொழி எழுத்து வரிசையில் ப-விலிருந்து எண்ணினால் ம ஐந்தாவது, க-விலிருந்து எண்ணினால் ச ஆறாவது, திருப்பிப் போட்டால் 65, அதுதான் மேசகல்யாணியின் எண். மாயாமாளவகௌளையும் அப்படியே, மா 5, யா 1, திருப்பினால் 15. வெறும் கல்யாணி என்று வைத்தால் கணக்கு உதைக்கும், அதற்காகவே முன்னால் "மேச" ஒட்டினார்கள், சங்கராபரணத்துக்கு "தீர" ஒட்டியதும் 29 வர வேண்டும் என்பதற்காகத்தான். நாங்கள் விளையாட்டுக்கு எழுத்தைப் பிடித்துக்கொண்டு அலைகிறோம், அந்தக் காலத்தில் ஒருவர் ராகத்துக்கே அப்படிப் பெயர் வைத்திருக்கிறார்! சண்டை மட்டும் தீரவில்லை, இரண்டு எழுத்திலும் செல்லும் என்று சமரசம் ஆனது.

ஒலியைச் சரிசெய்து கொடுத்த தம்பிக்கு இதைவிடப் பெரிய நன்றி. குரல் அழைப்பில் பாட்டுத் துண்டு போட்டபோதெல்லாம் தொடக்கம் மட்டும் கேட்கும், பிறகு தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல அமுங்கிவிடும். நாகஸ்வரத் துண்டை வைத்துக்கொண்டு நாங்கள் ஆளுக்கொரு வாத்தியம் சொல்லிக்கொண்டிருந்தோம். தம்பிதான் கண்டுபிடித்தான்: பேச்சு விட்டுவிட்டு வரும், இரைச்சல் சீராக வரும், அதனால் நீண்டு நிற்கும் எந்த ஒலியையும் செயலி மின்விசிறிச் சத்தம் என்று எடுத்துக்கொண்டு அமுக்குகிறது. விடாமல் ஒலிக்கும் தம்பூரா சுருதியின் கதி என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிட்டு, மைக் வழியாக இல்லாமல் கணினியின் ஒலியையே நேராகப் பகிர வைத்தான், அன்றைக்குத்தான் கமகம் (ஸ்வரத்தின் அசைவு) கமகமாகக் கேட்டது. ஒவ்வொருவர் வீட்டு அமைப்பையும் பொறுமையாகத் திரை பார்த்துச் சரிசெய்தான், அதுவும் எங்கள் கேள்விகளின் தரத்தைச் சகித்துக்கொண்டு.

குழுவில் இளையவளான பாப்பாவுக்கும் நன்றி. ஒ-வுக்கு "பாடியவரே எழுதியது, இசையமைப்பாளருக்கு முதல் படம்" என்ற குறிப்புக்கு நாங்கள் எல்லாம் 1965-க்குப் போய் ஒரு நாள் போதுமா என்று உட்கார்ந்திருக்க, அவள் சிரித்துக்கொண்டே ஒய் திஸ் கொலவெறி டி என்று அனுப்பினாள். 2011-இல் இணையமே பாடியது, எங்கள் ஞாபகத்தில் மட்டும் ஏறவில்லை.

மதிப்பெண் கணக்கு வைத்தவருக்கு நன்றி. அரை மதிப்பெண் விவகாரங்களை இங்கே கிளற வேண்டாம். தேடுபொறி பக்கமே போகாத எல்லோருக்கும் நன்றி. போனவர்கள் யார் என்று எங்களுக்குத் தெரியும், பிறந்த ஊரும் தேதியும் சேர்த்து யாரும் விடை சொல்ல மாட்டார்கள்.

நேற்றைய ன-வைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். "இருவர் சேர்ந்து இசையமைத்தோம். பிரிவதற்கு முன் வந்த கடைசிப் படமும் ன்-னில் முடியும், முப்பது வருடம் கழித்துச் சேர்ந்த படமும் ன்-னில் முடியும்." விஸ்வநாதன், ராமமூர்த்தி. 1965-இல் ஆயிரத்தில் ஒருவன், 1995-இல் எங்கிருந்தோ வந்தான். அக்கா, இதை எப்போது கண்டுபிடித்து எத்தனை நாள் ஒளித்து வைத்திருந்தீர்கள்?

அடுத்த சுற்று ன-வில் தொடங்கிப் பின்னோக்கி. இந்த முறை கேள்வி என் பொறுப்பு, ஆகவே அக்காவும் ஆடலாம். தம்பி, தொடங்குவதற்கு அரை மணி முன்னால் வந்துவிடு, என் மைக் மறுபடி மக்கர் செய்கிறது.