ஆடியில் வா, மக்களே

கன்னியாகுமரி,
ஆனி 2

மக்களே,

"இந்த வருஷமும் கிறிஸ்துமஸ் லீவுக்குத்தான் அம்மா வருவேன்" என்று போனில் சொன்னாய். கடையில் ஆள் நின்றதால் சரி என்று வைத்துவிட்டேன். ராத்திரி படுத்த பிறகு மனசு கேட்கவில்லை. அப்போது வராதே, ஆடியில் வா. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் ஏன், எதற்கு என்று மடக்குவாய், நானும் பாதியில் விட்டுவிடுவேன்.

முதலில் ஊர்ச் சேதி. கோடை சீசன் முடிந்துவிட்டது. பள்ளிக்கூடம் திறந்த மறுநாளே சன்னதித் தெருவில் சைக்கிள் ஓட்டலாம் போல ஆகிவிட்டது. அப்பா மத்தியானம் கடைக்குள்ளேயே பாய் விரித்துத் தூங்குகிறார். ஆள் வந்தால் எழுப்பு என்கிறார். எழுப்ப வேண்டிய அவசியம் இதுவரை வரவில்லை.

சின்னமுட்டத்தில் மீன்பிடித் தடைக்காலம் முடிந்தது. நேற்று விடியற்காலையில் 300-க்கும் மேற்பட்ட விசைப்படகுகள் போயின. ராத்திரி திரும்பி வந்தபோது துறைமுகத்தில் திருவிழாக் கூட்டமாம். காலையில் நம் மீன்கார அக்கா கூடையை இறக்கிவைத்துவிட்டு, விலை சொல்லாமல் சிரித்துக்கொண்டே நின்றாள். விளமீன், பாறை, கொஞ்சம் கணவாய். இரண்டு மாதம் தடை இல்லாத நாட்டு வள்ளத்து மீனை யானை விலை கொடுத்து வாங்கியவளுக்கு அந்தக் கூடையைப் பார்த்ததே வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

நம் மாவட்டத்துக்கு மட்டும் இரண்டு தடை என்பது உனக்கு நினைவிருக்கும். கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாள். சின்னமுட்டம் கிழக்குக் கணக்கு, முட்டமும் குளச்சலும் மேற்குக் கணக்கு. ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் பூட்டு. மீன் முட்டையிடுகிற காலம், விட்டால்தானே பெருகும் என்று அக்காவே சொல்வாள். சொல்லிவிட்டு அடுத்த மூச்சில், நிவாரணப் பணம் எத்தனை நாளைக்குக் காணும் என்றும் கேட்பாள். இரண்டும் நியாயம்தான்.

கண்ணாடிப் பாலத்தைப் பற்றி எழுத வேண்டும். 2024 டிசம்பர் 30-இல் திறந்தார்கள், 77 மீட்டர் நீளம். இப்போது வருகிறவர்களில் பாதிப்பேர் அம்மன் கோயிலுக்கு வழி கேட்பதற்கு முன்னால் பாலத்துக்குத்தான் வழி கேட்கிறார்கள். முன்பெல்லாம் விவேகானந்தர் பாறைக்குப் படகு போகும், வள்ளுவர் சிலைக்குப் போகாது. பாறை தட்டும், அலை அடிக்கும் என்று நிறுத்திவிடுவார்கள். இப்போது ஒரு பாறையில் இறங்கினால் மற்றதற்கு நடந்தே போய்விடலாம். 2000 ஜனவரி 1-இல் சிலை திறந்தபோது அப்பா உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கரையில் நின்றார். 133 அடியையும் எண்ணிச் சொல்லு என்று நீ அழுதாய். பாலம் வந்த பிறகும் ஒருமுறை வந்தாய். படகு வரிசையைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிட்டாய்.

போன பௌர்ணமிக்குக் கடல் உள்வாங்கி, நீர்மட்டம் தாழ்ந்து, படகு ரொம்ப நேரம் கிளம்பவில்லை. டிக்கெட் எடுக்க வந்த கூட்டம் வெயில் தாங்காமல் கடைத்தெருவுக்குள் வந்தது. அன்றைக்கு மட்டும் பதினாறு சங்கு விற்றேன். படகு நிற்கிற நாள்தான் நமக்கு வியாபாரம். இதை வெளியே சொல்லாதே, பாவம்.

ஆனால் அலை எழும்புகிற நாளில் எனக்கு வியாபாரம் ஓடாது. கள்ளக்கடல் எச்சரிக்கை வந்தால், தண்ணீரில் இறங்காதீர்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருப்பேன். ஊரில் ஒரு காற்று இருக்காது, வானம் தெளிந்து கிடக்கும். தெற்கே எங்கோ தூரத்தில் அடித்த புயலின் அலை இங்கே வந்து ஏறும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோய்விட்டது அல்லவா, அப்போதிருந்து இந்தப் பழக்கம். வடக்கத்திக்காரர்களுக்கு என் இந்தி புரியாது. கையைப் பிடித்து இழுத்தால் புரிகிறது.

சரி, டிசம்பர் ஏன் வேண்டாம் என்று சொல்கிறேன். கார்த்திகை ஒன்றாம் தேதியிலிருந்து சாமிமார் பஸ் பஸ்ஸாக இறங்குவார்கள். சூரிய உதயம் பார்க்கிற கூட்டத்துக்காகக் காலை மூன்றரைக்குக் கடை திறக்க வேண்டும். சாத்த ராத்திரி பதினொன்று. அப்புறம் மாதா கோயில் திருவிழா, அரையாண்டு லீவு, புதுவருஷம். ஆறு மாதச் சாப்பாடு அந்த இரண்டு மாதத்தில்தான். போன தடவை நீ நான்கு நாள் இருந்தாய். நான்கு நாளும் நீயே சமைத்து நீயே சாப்பிட்டுத் தூங்கினாய். நாகர்கோவில் ஸ்டேஷனுக்குக்கூட நான் வரவில்லை. தை பிறந்து, கூட்டம் வடிந்து, பில் புத்தகத்தைப் புரட்டினால் கடைசித் தாளின் பின்பக்கம் உன் எழுத்து: "அம்மா, குழம்பு அடுப்பில் இருக்கு. சூடு பண்ணிச் சாப்பிடு." எந்த நாள் எழுதினாய் என்றே தெரியவில்லை. நான் அன்றைக்குச் சாப்பிட்டேனா என்பதும் தெரியவில்லை.

சின்ன வயதில் நீ என்னோடு உட்கார்ந்து மணல் பாக்கெட் போடுவாயே. கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்று மூன்று மணலையும் கலக்காமல் கரண்டியால் அள்ளி, பிளாஸ்டிக் கவரின் வாயை ரம்பத் தகட்டில் மடித்து, மெழுகுவத்தியில் ஒரு இழுப்பு. நீ இழுத்தால் எப்போதும் ஓட்டை விழும். அம்மன் கல்யாணம் நின்றுபோனதால் அரிசியும் பருப்பும் மணலாகிவிட்டது என்று கதை சொல்வேன். சமைத்ததா, சமைக்காததா என்று கேட்பாய். இப்போது ஒட்டுவதற்கு மெஷின் வாங்கியாயிற்று. அந்த ரம்பத் தகடு இன்னும் மேஜை டிராயரில்தான் கிடக்கிறது.

அதனால் ஆடியில் வா. ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணக் கூட்டம் வரும், அன்றைக்குக் கடையை விட முடியாது. அது கழிந்து வா. ஜூலை 31 தாண்டினால் மேற்குத் தடையும் முடிந்து குளச்சல் மீனும் வந்துவிடும். சாளை வாங்கித் தேங்காய் அரைத்து வைக்கிறேன், மரச்சீனி அவிக்கிறேன். சாரல் இருந்தால் திற்பரப்பு அருவிக்குப் போகலாம். படகு ஓடுகிற நாள் கிடைத்தால் பாலத்துக்கும் போகலாம். நானும் இன்னும் போகவில்லை. கடைக்கு எதிரே நின்று வழி மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வருகிற தேதியை முன்னாலேயே சொல்லிவிடு, அக்காவிடம் சொல்லிவைக்க வேண்டும். ஆடிக்காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, நம் கடை வாசல் சிப்பித் தோரணம் வருஷா வருஷம் அறுந்து பறக்கிறது. தலைக்குக் கட்ட ஒரு துண்டு கொண்டு வா. குடை வேண்டாம், இந்தக் காற்றுக்கு நிற்காது.

அம்மா