ஓடைக் கரையில் நொச்சி: நன்கொடை வேண்டுகிறோம்

அன்புடையீர், வணக்கம்.

சேர்வராயன் மலையடிவாரத்திலிருந்து சேலம் மூக்கனேரிக்கு வரும் ஓடைக் கரையில் 600 மீட்டருக்கு நொச்சி நடவிருக்கிறோம். ஏர்க்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், சேலம் 280. அந்த இறக்கத்தில் பாய்ந்து வரும் மழைத்தண்ணீர் கரையை அரித்து ஏரியைத் தூர்க்கிறது. நொச்சியின் வேர் மண்ணைக் கவ்விப் பிடிக்கும், கிளை வெள்ளத்துக்கு வளைந்து கொடுக்கும், ஆடு வாய் வைக்காது. அதன் ஊதாப் பூவில் கீழிதழ் மட்டும் சற்று நீண்டிருக்கும். தேனீ வந்து உட்காருவது அதில்தான்.

இப்போது அந்தக் கரையை அடைத்து நிற்பது நெய்வேலிக் காட்டாமணக்கு. அதை அரிவாளால் வெட்டிப் போடுவது வீண். கணுவுள்ள துண்டு ஈரத்தில் விழுந்தால் வேர் விடும், மிதந்துபோய் ஏரியிலும் முளைக்கும். சித்திரையில் ஓடை காய்ந்திருக்கும்போது கடப்பாரை போட்டு வேரோடு பெயர்த்து, மேட்டில் குவித்துச் சருகாகக் காயவிட வேண்டும். 10 பேருக்கு 8 நாள் வேலை. ஆள் கூலி 600 வீதம் 48,000 ரூபாய்.

நொச்சிப் போத்துக்கு, அதாவது வேர்விட ஊன்றும் குச்சிக்கு, பென்சில் கனத்தில் முற்றிய கொம்பு வேண்டும், ஒரு சாண் நீளம், 3 அல்லது 4 கணு. பச்சைத் தண்டு அழுகிவிடும். தலைகீழாக ஊன்றிவிடாதபடி அடியைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டுவோம். பையில் நிரப்பச் செம்மண் 2 பங்கு, மணல் 1, மட்கிய சாண எரு 1. ஆனியில் பையில் ஊன்றினால் புரட்டாசி மழைக்கு நடலாம். 1,200 குழிக்கு 1,500 போத்து போடுகிறோம், பட்டுப்போவதற்கும் சேர்த்து. பை ஒன்றுக்கு 12 ரூபாய், ஆக 18,000. மீட்டருக்கு ஒன்றாக இரண்டு வரிசை, கரைச் சரிவில் மட்டும். ஓடைக்குள் நட்டால் நீரோட்டம் தடைபடும், தேங்கும் தண்ணீரில் இளவேரும் அழுகும்.

நடுகிற அன்று ஆளும் பணமும் தானாகச் சேரும். செடி சாவது அடுத்த கோடையில். மாசி முதல் வைகாசி வரை 17 வாரம், வாரம் 2 ஆள்கூலி, தண்ணீர் ஊற்றவும் மறுபடி தளிர்க்கும் காட்டாமணக்கைப் பிடுங்கவும். இரண்டு கோடைக்கு 40,800 ரூபாய். இந்தத் தொகை கையில் இல்லாமல் ஒரு குழியும் எடுப்பதாக இல்லை.

மொத்தம் 1,06,800 ரூபாய், செடிக்கு 89. ஒரு செடிக்கானதைத் தந்தாலும் நன்றியோடு பெற்றுக்கொள்வோம், ரசீது உண்டு. மட்கிய எரு, கடப்பாரை, கையுறையும் தரலாம். காட்டாமணக்கின் பால் நச்சு என்பதால் கையுறை அவசியம். கரைக்குப் பொறுப்பான துறையின் எழுத்துமூல அனுமதி வந்த பின்பே வேலை தொடங்கும், வராவிட்டால் பணம் திருப்பித் தரப்படும். மாசி முடிவதற்குள் தொகை சேர்ந்தால்தான் வரும் சித்திரையிலேயே களையெடுக்க முடியும்.