சால்வையில் ஏழு ஓட்டை

மயிலாடுதுறை,
ஐப்பசி 20

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. மழையால் தாமதம் என்று எழுதிவிடலாம். உண்மைக் காரணம், நீ டேராடூனிலிருந்து வாங்கி வந்த மெரூன் சால்வை. அதில் ஏழு ஓட்டை. எப்படிச் சொல்வது என்று தள்ளிப்போட்டேன்.

எலி வேலை என்றுதான் நினைத்தேன். உதறியதும் சாம்பல் நிறத்தில் தட்டையாக ஒன்று விழுந்தது. சுவரில் ஒட்டியிருக்குமே, வெள்ளரி விதை மாதிரி. சிமென்ட் துணுக்கு என்று விளக்குமாற்றால் தட்டிவிடுவோமே, அதேதான். பேத்தி வெள்ளைத் தாளில் வைத்துப் பூதக்கண்ணாடியைக் கொடுத்தாள். ஒரு முனையில் பழுப்புத் தலையும் ஆறு காலும் எட்டிப் பார்த்து, கூட்டை இழுத்துக்கொண்டு நடந்தது. குண்டூசியால் தொட்டேன், உள்ளே போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் மறுமுனையில் தலை! உள்ளேயே திரும்பிக்கொள்கிறது. வீட்டுக்கு இரண்டு பக்கமும் வாசல்.

அந்துப்பூச்சியின் புழுவாம். ஃபெரியீக்கா என்று பெயர். கிரேக்கத்தில் வீட்டைச் சுமப்பவன் என்று பொருள். தானே பட்டு நூற்றுப் பை கட்டி, மேலே மணல், தூசி, நூல் பிசிறு என்று அகப்பட்டதை ஒட்டிக்கொள்கிறது. பூஜை அறையில் எடுத்த கூட்டில் குங்குமச் சிவப்பு. சால்வையில் இருந்ததில், மன்னித்துக்கொள், மெரூன் இழைகள். கூட்டுக்குள்ளேயே உருமாறி அந்தாகப் பறந்துவிடும். பறக்கும் அந்து எதையும் தின்பதில்லை. அழிமானமெல்லாம் புழுப் பருவத்தில்தான்.

அன்றாடச் சாப்பாடு பழைய ஒட்டடை, செத்த பூச்சி, உதிர்ந்த முடி. கம்பளி கிடைத்தால் விருந்து. பருத்தியைச் சீண்டாதாம், என் வேட்டிகள் பிழைத்தன. ஈரப்பதம் வேறு வேண்டும்; காவிரிக்கரை வீட்டுக்கு ஐப்பசியில் கேட்கவா வேண்டும்? கண் புரை அறுவைக்குப் பிறகு நான் ஒட்டடைக்கம்பைத் தொடவே இல்லை, அதையும் சேர்த்துக்கொள். அந்துருண்டை என்று ஆயுசு முழுக்கச் சொல்கிறோம், அந்த 'அந்து' இவர் வகையறா என்று இப்போதுதான் உறைக்கிறது. வீட்டில் அந்துருண்டை இருந்தது. கழிவறையில்!

வெயில் அடித்த ஒரே நாளில் சால்வையைக் காயப்போட்டு எடுத்தேன். தெருமுனைத் தையல்காரர் ஓட்டைகளை இழையோட்டித் தருவாராம், அதே நிறத்தில் கம்பளி நூல் வேண்டும் என்கிறார். உன் வீட்டம்மா ஸ்வெட்டர் பின்னுவார்களே, மிச்ச நூலில் மெரூன் இருக்கிறதா என்று கேட்டு எழுது. எதற்கென்று மட்டும் சொல்லிவிடாதே.

முழங்கால் வலி தேவலையா?

உன்,
ராமு