பால் கவரைக் கழுவுவது வீண் வேலையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

'கடைசியில் எல்லாவற்றையும் ஒரே லாரியில்தான் கொட்டுகிறார்கள், அப்புறம் எதற்குக் குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும்?' என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பால் கவரைக் கழுவிக் காயவைக்கும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் கேட்பதும் இதைத்தான். சரி, பார்த்துவிடுவோம் என்று ஒருநாள் தெருவுக்கு வரும் பேட்டரி வண்டியின் பின்னாலேயே ஸ்கூட்டியில் போனேன்.

வண்டி ஒரு தகரக் கொட்டகையில் நின்றது. ஐந்து பெண்கள் உட்கார்ந்து கையால் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பால் கவர், தண்ணீர் பாட்டில், அட்டை, இரும்பு எல்லாம் தனித்தனிச் சாக்கில் பழைய பொருள் வியாபாரிக்குப் போகின்றன. பாட்டில் அரைபட்டு நூலாகிறது. பால் கவர் உருகிச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் மணிகளாகி, பையாகவோ குழாயாகவோ திரும்பி வருகிறது. சிப்ஸ் பாக்கெட்டை மட்டும் யாரும் வாங்குவதில்லை. பிளாஸ்டிக்கோடு அலுமினியம் ஒட்டிக்கிடக்கிறதே! அதுபோல மிஞ்சுவது அரியலூர்ப் பக்கத்துச் சிமென்ட் ஆலைகளில் எரிபொருளாகிறது. நான் துடைத்துத் துடைத்துச் சேர்த்த பிஸ்கட் கவருக்கும் அதே கதிதான்.

ஓர் அம்மா பேப்பர்க் கட்டு ஒன்றைத் தூக்கினார். மேலே யார் வீட்டுச் சாம்பாரோ. விரித்துப் பார்த்து, நடுவில் காய்ந்திருந்த நாலைந்து தாளை மட்டும் உருவிக்கொண்டு மீதியைத் தள்ளிவிட்டார். வெறுங்கை. "கிளவுஸ் போட்டா கை ஓடாதும்மா" என்றார். அடுத்து அந்தக் கைக்கு வந்தது சுற்றாமல் போட்ட ஒரு டயபர். இதையெல்லாம் பொட்டலமாகச் சுற்றித் தனியே கொடுக்கவேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சொல்லியிருந்தது. சுற்றுவதற்கான பையைத் தயாரிப்பாளர்களே தரவேண்டும் என்றும் அதில் இருந்தது. நான் வாங்கிய எந்தப் பாக்கெட்டிலும் அதைப் பார்த்ததில்லை.

வாசகர் சொன்னதும் பொய்யில்லை. பேட்டரி வண்டி பழுதான நாட்களில் லாரி வருகிறது. பச்சைக் கூடை, நீலக் கூடை இரண்டும் அதில் ஒன்றாகவே விழுந்து, கொட்டகையை எட்டிப் பார்க்காமல் நேரே குப்பைக் கிடங்குக்குப் போகின்றன. லாரியில் நடுவே ஒரு தடுப்பு வைக்க எவ்வளவு செலவாகிவிடும்? அதுவரை லாரி நாட்களில் நீலக் கூடையை நான் வெளியே வைப்பதில்லை. காய்ந்த குப்பை நாலு நாள் கிடந்தாலும் நாறாது.

கிளம்பும்போது அந்த அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: பால் கவரின் மூலையைத் துண்டாக வெட்டவேண்டாம். அந்தச் சின்ன முக்கோணத்தைக் குப்பையில் தேடிப் பொறுக்க முடியாது. கவரோடு ஒட்டியிருந்தால் அதுவும் சாக்கில் ஏறிவிடும். அன்றிலிருந்து ஒட்டினாற்போல் விட்டுத்தான் வெட்டுகிறேன். வீட்டுக்காரர் காபி போடும் நாளில் மட்டும் இன்னும் துண்டுதான்.

ஒரு வாசகி,
செங்கல்பட்டு மாவட்டம்.