டிரா செய்தவள் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளிகளுக்கு இடையிலான அணி சதுரங்கப் போட்டி பற்றிய செய்தியை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் பார்த்தேன். தலைமை வகித்தவர், முன்னிலை வகித்தவர், நன்றி சொன்னவர் என எல்லார் பெயரும் இருந்தது. எங்கள் அணியில் ஜெயித்த இருவர் பெயரும் இருந்தது. மூன்றாம் போர்டில் டிரா செய்த மாணவியின் பெயரைக் காணோம். அந்த டிரா இல்லாவிட்டால் கோப்பையே இல்லை.

அணிக்கு நால்வர், ஆளுக்கு ஒரு போர்டு; வெற்றிக்கு ஒரு புள்ளி, டிராவுக்கு அரை. முதல் போர்டில் தோற்று, இரண்டிலும் நான்கிலும் ஜெயித்து 2-1 என்று நின்றோம். மிச்சம் மூன்றாம் போர்டுதான். இவளுக்குக் கறுப்புக் காய். இப்போது பிள்ளைகளெல்லாம் யூடியூப் பார்த்து ஆடும் கேரோ-கான் தற்காப்புதான், கறுப்புக் காய்க்கான ஒரு தொடக்க ஆட்டமுறை. எதிரே இருந்தவள் சிப்பாயை இ5 கட்டத்துக்குத் தள்ள, இவள் பிஷப்பை எஃப்5-இல் கொண்டுபோய் வைத்தாள். உடனே வந்தது எச்4. 1961 உலகப் பட்டப் போட்டியில் போட்வின்னிக்குக்கு எதிராக மிகைல் டால் ஆடிய நகர்த்தல். பார்த்தால் ஓரச் சிப்பாய் சும்மா நகர்ந்த மாதிரி இருக்கும். பழக்கதோஷத்தில் இ6 ஆடினால் தீர்ந்தது கதை: ஜி4, எஃப்3, எச்5 என்று சிப்பாய்களே துரத்தி வந்து பிஷப்பை மடக்கிவிடும். இவள் கொஞ்சம் யோசித்து எச்5 ஆடினாள்.

கடைசியில் இவளிடம் ஒரு சிப்பாய் கூடுதல். அந்த நேரத்தில் எதிராளி டிரா கேட்டாள். இவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். டிராவை ஏற்கலாம் என்று அணியின் கேப்டன் சொல்லலாம்; அன்று கேப்டன் நான்தான். காய்கள் நிற்கும் நிலை பற்றி மூச்சு விடக் கூடாது. உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி அது. "ஒத்துக்கோம்மா" என்றேன். ஜெயிக்க வாய்ப்பிருந்த ஆட்டம். முகம் தொங்கிப்போனாலும் கைகொடுத்துவிட்டு எழுந்தாள்.

2022-இல் மாமல்லபுரம் ஒலிம்பியாட்டில் நம் பொடியன்கள் நிறைந்த இந்தியா 'பி' அணி அமெரிக்காவை 3-1 என்று வென்றதே, அன்றும் குகேஷும் ரோனக் சாத்வானியும் ஜெயித்தார்கள். நிஹால் சரினும் பிரக்ஞானந்தாவும் டிராதான். அந்த இரண்டு அரைப் புள்ளிகளும் போய், இருவரும் தோற்றிருந்தால் 2-2 ஆகியிருக்கும்.

அணிப் போட்டி என்றால் போர்டு வாரியாக முடிவு போடுங்கள். வாரம் ஒரு மாணவர் ஆட்டத்தையாவது, முக்கியமான கட்டத்தின் படத்தோடு, முழு நகர்த்தல்களுடன் அச்சிடுங்கள். பிள்ளைகள் எல்லா நகர்த்தலையும் ஸ்கோர் ஷீட்டில் எழுதித்தான் ஆடுகிறார்கள். உங்கள் நிருபர் நடுவரிடம் கேட்டுப் பார்க்கலாம். நன்றியுரை சொன்னவர் பெயரை எடுத்தாலே இடம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கோவில்பட்டி.